வெட்டக் கூடாத தென்னை

பயம் வந்துவிட்டால் பிரகதாம்பாளுக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து புளிக்காய்ச்சல் காய்ச்சியாயிற்று, முறுக்கு பிழிந்தாயிற்று, அரிசிமாவு வறுத்து டப்பாவில் அடைத்தாயிற்று. வீட்டில் இருப்பது அவள், அவள் புருஷன் பஞ்சநதம், மருமகள் வானதி, அவ்வளவுதான். இந்த மூன்று பேருக்கு ஊர்ச்சாப்பாடு எதற்கு என்று கேட்கும் துணிச்சல் மற்ற இருவருக்கும் இல்லை. புயல் மறுநாள் மதியத்துக்கு மேல் கரையேறும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு ஏதோ பெயரும் வைத்திருந்தார்கள். அது அவள் வாயில் நுழையவில்லை. அவளுக்குப் புயல் என்றால் கஜா ஒன்றுதான்.

மருதங்காட்டில் யாருக்குமே அப்படித்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும், மாடு வாங்கியதைப் பற்றிப் பேசினாலும், அது கஜாவுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். அந்தப் புயலில் பஞ்சநதத்தின் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. வீட்டின் ஓட்டுக்கூரை பறந்துபோய், அவசரத்துக்கு சிமெண்ட் ஷீட் போட்டார்கள். அந்த அவசரம் இன்னும் தீர்ந்தபாடில்லை, ஷீட்டுக்குக் கீழேதான் குடித்தனம் நடக்கிறது.

பட்டதை மறக்காததால் தெரு அன்று காலையிலேயே விழித்துக்கொண்டிருந்தது. தலை கனத்த மரம்தான் காற்றில் முதலில் போகும் என்று வீட்டோரத்து மரங்களில் கீழ்மட்டைகளைக் கழித்தார்கள், இளநீர் தேங்காய் என்று பார்க்காமல் குலைகளை இறக்கினார்கள். பஞ்சநதம் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார், காலியாக இருந்தால் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும். பின்னறை ஷீட்டின் மேல் மணல்மூட்டை அடுக்கினார். மாட்டைக் கட்டிப்போடாமல் கயிற்றை அவிழ்த்து திடலில் விட்டார். வானதி கட்டிலில் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தாள். போன்களுக்குச் சார்ஜ், டார்ச்சுக்குப் பேட்டரி, மாத்திரைகளும் ஸ்கேன் காகிதங்களும் பாலிதீன் பையில் கட்டித் தலைமாட்டில்.

"அத்தை, முறுக்கு போதும். குடிக்கிற தண்ணிய மூடி வைங்க. கரண்டு போனா மோட்டார் ஓடாது."

"ரெண்டு குடம் மூடி வச்சிட்டேன். நீ எந்திரிக்காத, படு."

படுத்தே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வானதிக்கு எட்டாம் மாதம். இது இரண்டாவது பிள்ளை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. கர்ப்பப்பை வாய்க்குப் பலம் பற்றவில்லை, அதனால்தான் போயிற்று என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இந்தத் தடவை முன்கூட்டியே தையல் போட்டு, நடை கூடாது, மாடிப்படி கூடாது, குனியக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

டாக்டர் படம் போட்டது டாக்டருக்குச் சரி. பிரகதாம்பாளிடம் வேறு கணக்கு இருந்தது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கஜாவுக்குப் பிறகு வைத்த ஒரு தென்னை குருத்து அழுகி நின்றது. ஆள் கூப்பிட்டு அதை வெட்டச் சொன்னவள் அவள்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் மரம் வெட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். காய்ப்பு நின்ற மரம்தானே என்று நினைத்துவிட்டாள். அடுத்த மாதமே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதிலிருந்து அவள் எந்த விதியையும் விடுவதாக இல்லை. வானதி மறுபடி உண்டானது தெரிந்ததும், ஷீட்டு வீட்டுக்குத் தெற்கே எழும்பிக்கொண்டிருந்த புது வீட்டு வேலை அப்படியே நின்றது. கர்ப்பிணி இருக்கும்போது வீடு கட்டக் கூடாதல்லவா! சுவர் லிண்டல் வரைக்கும் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றி மேலே கான்கிரீட் போட்டிருந்தால், இந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோரும் அதற்குள் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அரவிந்தன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கொத்தனாரும் சொல்லிப் பார்த்தார். கூரை இல்லாத அந்த வீட்டில் இப்போது எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

இது போதாதென்று அந்தத் தென்னை வேறு.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது அது. கஜாவில் விழாமல் தப்பித்த ஒரே மரம். தப்பித்தது என்றால் நேராக நிற்கவில்லை, வடக்கே சாய்ந்து, ஷீட்டுக் கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அப்படி நின்றும் காய்ப்புக்குக் குறைச்சலில்லை. விழுந்தால் வீட்டின் மேல்தான் விழும், அதுவும் வானதி படுத்திருக்கிற அறைக்கு நேர் மேலே. சின்ன வீடு. கட்டிலை எந்த மூலைக்கு இழுத்துப் போட்டாலும் மரத்தின் நீளத்துக்குத் தப்ப முடியாது.

எதிர்வீட்டு நௌஷாத் தேங்காய் வியாபாரி. மரத்தைப் பார்த்தாலே எடை சொல்லுகிறவன். பகலில் அவனே வந்து நின்றான்.

"அக்கா, இத விட்டு வைக்காதீங்க. வேரு ஒரு பக்கம் தூக்கியிருக்கு. நம்ம பசங்க ரெண்டு பேரு இருக்கானுவ, மெஷின் போட்டா டீ குடிக்கிற நேரத்துல படுக்க வச்சிடலாம்."

"வேணாம் தம்பி."

"உங்க கையால வெட்ட வேணாம்க்கா. என் ஆளுவதானே வெட்டப்போறானுவ. பாவம் வந்தா எனக்கு வந்துட்டுப் போவுது."

"யாரு வெட்டுனாலும் வெட்டச் சொன்ன வாயி எங்களோடது. அன்னிக்கும் நானா அருவா எடுத்தேன்? சொன்னேன், அவ்வளவுதான்."

நௌஷாத் பஞ்சநதத்தைப் பார்த்தான். பஞ்சநதம் வானத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இக்கட்டான நேரங்களில் அவர் வானத்தைத்தான் பார்த்து வருகிறார். கடைசியில் ஒரு நடுவழி பிறந்தது. மரத்தின் குலைகளையும் கீழ்மட்டைகளையும் இறக்கிவிட்டு, கழுத்தில் நௌஷாத்தின் லாரிக் கயிற்றைக் கட்டி, புது வீட்டுக்கு அந்தப்புறம் நிற்கும் பூவரச மரத்தில் இழுத்து முடிந்தார்கள். மட்டை கழிப்பது மரம் வெட்டுவதில் சேராது என்று பிரகதாம்பாள் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அரவிந்தன் போனில் கத்தினான். "கயிறு கட்டினா நிக்குமாம்மா? வெட்டித் தொலைங்களேன்!"

"நீ வாயை வைக்காத. இந்த நேரத்துல அந்த வார்த்தையே உன் வாயிலேர்ந்து வரக் கூடாது" என்று போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஊர் நர்ஸம்மா வேனோடு வந்தார். மாதம் முற்றியவர்களையும் சிக்கல் உள்ளவர்களையும் புயலுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருப்பதாகவும், வானதி பெயரும் அதில் இருப்பதாகவும் சொன்னார். வேனுக்குள் ஏற்கெனவே இரண்டு கர்ப்பிணிகள் கூடையும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தார்கள். வானதி எழுந்து பையை எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கு செவ்வாக்கிழமை" என்றாள் பிரகதாம்பாள்.

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புயலுக்குக் கெழமை தெரியுமா பெரியம்மா?"

"வயித்துப்புள்ளையோட செவ்வாக்கிழமை வாசப்படி தாண்டக் கூடாதும்மா. விடியட்டும், மொதல் ஆட்டோவுல நாங்களே கூட்டியாந்துடுறோம். மத்தியானத்துக்கு மேலதானே கரையேறுதுன்னு சொல்றாங்க."

வானதி எம்.எஸ்சி. கணக்குப் படித்தவள். கிழமைக்கும் கருப்பைக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. பையை மெல்ல மறுபடி கீழே வைத்தாள். "காலையில வந்துடுறேன் சிஸ்டர்" என்றாள். வேன் போய்விட்டது. பிரகதாம்பாள் போகிற வேனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசியைக் களைந்தாள்.

புயல் மதியம் வரைக்கும் பொறுக்கவில்லை. புதன்கிழமை வெளிச்சம் வருவதற்கும் காற்று எழும்புவதற்கும் சரியாக இருந்தது. ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்தால் டவர் இல்லை. பஞ்சநதம் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு முக்கு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ரோட்டின் குறுக்கே மரங்கள் விழ ஆரம்பித்திருந்தன.

"ஆட்டோ என்ன, சைக்கிள்கூட போவாது" என்றார்.

நேற்றைய வேனில் ஏற்றி அனுப்பியிருந்தால் இந்நேரம் வானதி கான்கிரீட் கட்டிடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பாள். அந்த நினைப்பு பிரகதாம்பாளைப் பிடித்துத் தின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

காற்று வடக்கிலிருந்து அடித்தது. மூன்று பேரும் பின்னறையில், நெல்மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கினார்கள். வானதியை மெத்தையோடு கீழே இறக்கி, அவளுக்கு மேலே குடைபோல் கட்டிலை நிறுத்தினார்கள். ஷீட்டுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கூடத்தின் மேலிருந்த இரண்டு பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மழை கூடத்துக்குள்ளேயே பெய்தது. பஞ்சநதம் ஜன்னல் இடுக்கு வழியாகத் தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்குக் காற்று அதைத் தெற்கே தள்ளியது. வருஷக்கணக்காக வீட்டின் மேல் சாய்ந்து நின்ற மரம், காற்றின் பலத்தில் நிமிர்ந்துகொண்டே போயிற்று.

"நல்லதுதான் பிரகதா. அந்தப் பக்கம்தான் போவுது" என்றார். குரலில் ஒரு சின்னச் சந்தோஷம்.

அப்புறம் காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. மழையும் நின்றது. கூடத்துக்குள் வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. விவரம் தெரியாதவர்கள் அந்த நேரத்தில் கடவுளுக்கு நன்றி சொல்லுவார்கள். மருதங்காட்டில் விவரம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கஜாவிலும் இப்படித்தான் நின்றது. ஓய்ந்துவிட்டது என்று தோப்பைப் பார்க்கப் போனவர்கள் மேல்தான் மறுகாற்று வந்து விழுந்தது. முதல் காற்று வடக்கே இருந்து வந்தால் மறுகாற்று தெற்கே இருந்து வரும். முதலில் வந்ததைவிட மூர்க்கமாக வரும்.

பிரகதாம்பாள் கொல்லைக்கதவைத் திறந்து வெளியே வந்தாள். தென்னை நேராக நின்றது, கம்பம் நட்ட மாதிரி. ஆனால் வடக்குப்பக்கத்து மண் பாளம் பாளமாகத் தூக்கிக்கொண்டு, வேர்கள் பாதி அறுந்தும் பாதி அறாமலும் வெளியே தெரிந்தன. கயிறு கட்டிய பூவரசு நடுவில் முறிந்து கிடந்தது. கயிறு புது வீட்டுச் சுவரின் மேல் தொங்கியது. இனி அந்த மரத்தைப் பிடித்து வைத்திருப்பது எதுவுமில்லை. தெற்குக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

நௌஷாத்தும் அவன் மனைவி ரிஃப்காவும் ஓடி வந்தார்கள். பிள்ளைகளை நேற்றே பாட்டியோடு பள்ளிக்கூடத்து முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஓடு முக்கால்வாசி போய்விட்டது. சுவரும் வாய் பிளந்து நின்றது.

"வானதிய எங்கயாவது தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றாள் ரிஃப்கா.

"எங்கம்மா தூக்குறது? பள்ளிக்கூடத்துக்குப் போற வழியெல்லாம் மரம். ஏறி எறங்கித்தான் போவணும். பாதி வழியில காத்து திரும்பிடுச்சுன்னா?" என்றார் பஞ்சநதம்.

உள்ளேயிருந்து வானதியின் குரல் வந்தது. "அத்தை, என்ன ஆச்சு? மரம் விழுந்துடுச்சா?"

பிரகதாம்பாள் மரத்தைப் பார்த்தாள். கஜா போன மறுநாள் இந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். நீயாவது நின்றாயே என்று சொல்லி அழுதாள். இதை வெட்டினால் போன தடவை நடந்தது இந்தத் தடவையும் நடக்கும். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. வெட்டாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன நடக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

"கோடாலிய எடுங்க" என்றாள்.

பஞ்சநதம் தயங்கினார். "நெசமாத்தான் சொல்றியா?"

"எடுங்கன்னா எடுங்க! ஆளையும் மெஷினையும் தேடிப் போக நேரமில்ல. தம்பி, நீயும் அவரும் கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் புது வீட்டுக்கு அந்தப்புறம் போய்ட்டு, தெக்கால இழுங்க. வேரை இந்தப் பக்கத்துலேர்ந்து அறுத்து விட்டா சாஞ்சிடும்."

"நான் வெட்டுறேன்" என்று பஞ்சநதம் கோடாலியோடு வந்தார். அவள் அதைப் பிடுங்கினாள்.

"நீங்க வெட்டக் கூடாது. வயித்துல இருக்கறது உங்க ரத்தம். நான் வேற வீட்டுலேர்ந்து வந்தவ. சொன்னதும் நானா இருக்கட்டும், வெட்டுனதும் நானா இருக்கட்டும். எங்கிட்டயே நின்னுடும், வேற எங்கயும் போவாது. நீங்க போய்க் கயித்தைப் புடிங்க."

இந்தச் சட்டம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவளாகப் போட்டுக்கொண்டது. சேலையை வரிந்து செருகிக்கொண்டு முதல் வெட்டை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்குமுன், "எம்மேலயே வை. வயித்துல இருக்கறதை விட்டுடு. எம்மேலயே வை" என்றாள். மரத்திடம் சொன்னாளா, சாமியிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

தென்னை வேர் நார் நாராக இருக்கும். ஒரே வெட்டில் போகாது. வெட்டினாள், சேறு தெறித்தது, மறுபடி வெட்டினாள். ரிஃப்கா கடப்பாரையால் மண்ணை நெம்பிக் கொடுத்தாள். அந்தப்பக்கம் ஆண்கள் இருவரும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். எங்கும் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. கோடாலி விழுகிற சத்தமும் அவள் மூச்சும்தான். தெற்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முறிந்த பூவரசில் மிச்சமிருந்த இலைகள் சிலிர்த்தன. தெற்கிலிருந்து முதல் சில்லிப்பு பிரகதாம்பாளின் முகத்தில் பட்டது. வெட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"அக்கா, விலகு, விலகு!" என்று நௌஷாத் கத்தினான்.

அடியில் எதுவோ பட்டென்று விட்டது. மரம் ஒரு கணம் யோசிப்பது போல நின்றுவிட்டுத் தெற்கே போயிற்று. புது வீட்டின் வடக்குச் சுவரை இடித்துத் தள்ளி, உள்ளே முழு நீளத்துக்கும் படுத்தது. மண்ணே அதிர்ந்தது.

அவர்கள் கதவைச் சாத்துவதற்கும் மறுகாற்று வந்து மோதுவதற்கும் சரியாக இருந்தது. ஐந்து பேரும் பின்னறையில் அடைந்தார்கள். அந்தக் காற்றைப் பற்றி என்ன சொல்ல? கூடத்தின் கூரை மொத்தமும் போயிற்று. அடுப்படியில் அவள் ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த முறுக்கு டப்பா உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னறைக்கு மேல் மணல்மூட்டைகள் இருந்ததால் அந்த ஷீட்டுகள் மட்டும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டு, போகாமல் நின்றன.

வானதி பிரகதாம்பாளின் கையைப் பிடித்தாள்.

"அத்தை."

"என்னம்மா? வலிக்குதா?"

"வலி இல்ல." வானதி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அந்த மரம் விழுந்துச்சுல்ல, அதிலேர்ந்து அசையவே இல்ல. எப்பவும் காலையில உதைச்சுக்கிட்டே இருக்கும். இப்ப அசையல அத்தை."

ரிஃப்கா சமாதானம் சொன்னாள். தூங்கும், சில நேரம் தூங்கும், நான் மூணு பெத்தவ எனக்குத் தெரியாதா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, கொஞ்சம் சீனித்தண்ணி குடி என்றாள். வானதி ஒருக்களித்துப் படுத்தாள். சீனித்தண்ணீர் குடித்தாள். பிரகதாம்பாள் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த வயிற்றின் மேல் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

வெளியே உலகம் பிய்ந்துகொண்டு போனது. அவளுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவளுடைய காதும் கண்ணும் எல்லாம் உள்ளங்கையில் இருந்தன. எம்மேலதானே வைக்கச் சொன்னேன் என்று மனசுக்குள் சண்டை பிடித்தாள். எம்மேல வைக்கறதுக்கென்ன? நான் இங்கதானே இருக்கேன்? கெஞ்சினாள், திட்டினாள், திருக்கடையூரில் வந்து விளக்குப் போடுகிறேன் என்று பேரம் பேசினாள். கையை எடுக்கப் பயமாக இருந்தது. வைத்திருக்கவும் பயமாக இருந்தது. வானதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை.

"நேத்து வேன்லயே நான் போயிருக்கணும்" என்றாள் வானதி. குரலில் கோபம் இல்லை. "நானும்தான் பயந்தேன்."

"நீ என்னத்தைப் பயந்த? பயமுறுத்துனவ நானு" என்றாள் பிரகதாம்பாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மருமகள் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. மூக்கைச் சிந்தக்கூடக் கையை எடுக்காமல் அழுதாள்.

அப்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு அசைவு. மீன் திரும்புகிற மாதிரி ஒன்று. பிரமையோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி, இந்தத் தடவை திரும்பலும் இல்லை ஒன்றுமில்லை, பச்சையாக ஒரு உதை. கையைத் தள்ளிவிடுகிற உதை.

"உதைக்குது!" என்று அவள் போட்ட கூச்சலில் பஞ்சநதம் கூரைதான் போய்விட்டது என்று தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "என்னையத்தான் உதைக்குது! உதைடா ராசா, நல்லா உதை! எனக்கு வேணும், நல்லா உதை!"

வானதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி பிரகதாம்பாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் காற்று வெகுநேரம் அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள்.

பிற்பகலில் மழை தூறலாகிவிட்டது. நௌஷாத் தெருப்பையன்களைச் சேர்த்துக்கொண்டு மெஷின்வாளோடு போய் முக்கு வரைக்கும் வழி பண்ணினான். பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரி வேன் வந்து நிற்கிறதாம், நர்ஸம்மாவும் அதில் இருக்கிறாராம். வானதியைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கினார்கள். தலைமாட்டில் பாலிதீன் பை நனையாமல் இருந்தது. ஒருநாள் தாமதமாகத்தான் போகிறாள், ஆனாலும் போகிறாள் என்பதே பெரிய விஷயம்.

கூடவே கிளம்பின பிரகதாம்பாள் கொல்லைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூரையில்லாத புது வீட்டுக்குள் தென்னை நீட்டிப் படுத்திருந்தது. வடக்குச் சுவர் பொடிப்பொடியாகக் கிடந்தது. பஞ்சநதம் பக்கத்தில் வந்து நின்றார். மரத்துக்காக அழப்போகிறாள் என்று நினைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"கொத்தனாருக்குப் போன் போடுங்க" என்றாள் அவள்.

"டவர் இல்லையே."

"டவர் வந்ததும் மொத போன் அவருக்குத்தான். செவத்தை எழுப்பி மேல கான்கிரீட் போட்டுடச் சொல்லுங்க. நாள் கெழமை பாக்க வேணாம்."

பஞ்சநதம் பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. "வானதி இன்னும் புள்ளையப் பெத்துக்கலையே பிரகதா" என்றார் மெதுவாக.

"அதனாலதாங்க சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பிரகதாம்பாள் கட்டிலுக்குப் பின்னால் ஓடினாள்.